கடைக்காவல்

சூடு ஆறுவதற்குள் பிடித்தால்தான் சோற்று உருண்டை உடையாமல் நிற்கும். கினுயோ உப்புத் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து வேகமாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கணவர் தோஷிஹாரு விடியும் முன்பே ஆற்றங்கரை மண்டபத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். எதையோ மறந்துவிட்டு அங்கிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். மனுஷன் நாலைந்து நாளாகவே ஒரு நிலையில் இல்லை. மூக்குக் கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியவர். "இப்ப என்னத்த விட்டுட்டுப் போனீங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள்.

எதிர்முனையில் ஒரு பெண் குரல். நகோயாவில் ஏதோ ஆஸ்பத்திரி என்றது. நவோயுகியின் அம்மாதானா என்று கேட்டது. நேற்று இரவு வேலை முடிந்து உடை மாற்றும்போது விழுந்துவிட்டார், மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, எங்களால் ஆனதைச் செய்தோம், விடியற்காலையில் போய்விட்டார். நிதானமாக, மரியாதையாகச் சொன்னது அந்தக் குரல். கினுயோ ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று சுவரைப் பார்த்துத் தலை தாழ்த்திக்கொண்டே இருந்தாள். உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்றுகூடச் சொன்னாள். எப்போது வர முடியும் என்று அந்தப் பெண் கேட்டபோது, "சாயங்காலம் வந்துடறோங்க" என்றாள்.

ரிசீவரை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சாயங்காலம். பொழுது இப்போதுதான் விடிந்திருக்கிறது. கிடைக்கிற ரயிலைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே கிடப்பது பெற்ற பிள்ளை, ஒரே பிள்ளை. அவனைச் சாயங்காலம்வரை காத்துக் கிட என்று சொல்ல இந்த வாய்க்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? ரிசீவரில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தாள். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மிச்சச் சோற்றையும் உருண்டை பிடித்தாள். கணவருக்கு உமே என்கிற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த உருண்டைகள் ஒரு பக்கம் இருந்தன. அவற்றோடு சேராமல், சால்மன் மீன் வைத்துத் தனியாக இரண்டு இருந்தன. அந்த இரண்டும் அவனுக்காகப் பிடித்தவை.

நவோயுகி இன்றைக்கு வருவதாக இருந்தது. போன வாரம் அவள் போன் செய்தபோது அவனாகவே சொன்னான். "இந்த வருஷம் திருவிழாவுல அப்பாதானே கடைக்காவல்? வந்து பாக்கறேம்மா. அவர்கிட்ட சொல்லாத. கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்துட்டு அப்படியே ரயிலேறிடறேன்." ஆறு வருஷமாக அவன் ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவன் அப்பா யார் யாரையோ பார்த்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, நகராட்சி அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு, லிஃப்ட் பழுது பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவன் அவன். அன்றைக்கு அப்பனும் மகனும் பேசிக்கொண்ட பேச்சைக் கினுயோ இன்னும் மறக்கவில்லை. "உங்களுக்கு அந்தச் சாமுராய் வேஷம் போதும். அதுதான் உங்க பிள்ளை. நான் எதுக்கு?" என்று அவன் கேட்டான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று இவர் சொன்னார். இரண்டு பேருமே வாக்குத் தவறாதவர்கள். அவளுக்கு வாய்த்தது அப்படி.

சமையலறை மூலையில், தலைக்கு மேலே பலகையில் சாமி மாடம் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் அதன் முகப்பில் வெள்ளைத் தாள் ஒட்டி மூடிவிட வேண்டும். ஐம்பது நாளுக்கு விளக்கில்லை, தண்ணீரில்லை, கோயிலில்லை. கோயிலின் கல் வாசலைத் தாண்டக் கூடாது. இது யாரும் கற்றுக்கொடுத்துத் தெரிவதில்லை. குளிரடித்தால் கதவைச் சாத்துவது மாதிரி கை தானாகச் செய்யும். கினுயோ முக்காலி போட்டு ஏறி, தாளை ஒட்டினாள். ஒட்டி முடித்து இறங்கி, அதை அண்ணாந்து பார்த்தாள். இதுவரை போனில் யாரோ சொன்ன செய்தி அது. இப்போது வீட்டுச் செய்தியாகிவிட்டது. முக்காலியின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும்.

மிசாகா கோயில் சக்கரவர்த்தி கோயில். என்றோ ஒரு காலத்தில், தலைநகரில் அரியணையைப் பறிகொடுத்துவிட்டு இரவோடு இரவாக மலையேறி வந்த சக்கரவர்த்தி ஒருவர் கடைசி மூச்சுவரை இங்கேதான் இருந்தார். இப்போது அவரே சாமி. அவரைக் காப்பாற்றிக் கூட்டி வந்த சாமுராய்கள் வாளை மூலையில் வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு வீட்டு வாரிசுகள்தான் இன்றைக்கு ஊரில் பஸ் ஓட்டுகிறார்கள், ஊறுகாய்க் கடை வைத்திருக்கிறார்கள், பல் பிடுங்குகிறார்கள். ஆனால் இலையுதிர் காலத் திருவிழா வந்துவிட்டால் ஒவ்வொருவனுக்கும் முதுகு நிமிர்ந்துவிடும். திரை இறக்கிய காலிப் பல்லக்கு முன்னால் போகும். ஊரே அதன் பின்னால் கல் வாசலைக் கடந்து உள்ளே போய்விடும். வீதியில் ஒரு ஈ காக்கை நிற்காது. கடைசியாக, கவசம் போட்ட ஒருவர் மட்டும் தனியாக வருவார். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்ப்பார். எதிரி தொடர்ந்து வரவில்லை என்று கண்டதும், "பின்னால் எவருமில்லை!" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் முரசு அடிக்கும், பல்லக்கின் திரை உயரும். அவர்தான் கடைக்காவல். பின்னால் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தக் கதையில் யாரும் கேட்டதில்லை.

வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை. தோஷிஹாருவின் முறை போன சுற்றிலேயே வந்தது. அந்த வசந்த காலத்தில் அவருடைய அப்பா போய்ச் சேர்ந்தார். சாவு விழுந்த வீட்டுக்காரன் அந்த வருஷம் முழுக்க ஊர்வலத்தில் நடக்க முடியாது; திருவிழா அன்று கல் வாசலைத் தாண்டவும் கூடாது. முறை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் கல் வாசலுக்கு வெளியே, தேவதாரு மரத்தடியில் நின்று பார்த்தார்கள். ஊறுகாய்க் கடைக்காரர் அந்தக் கவசத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தபோது தோஷிஹாருவின் உதடும் கூடவே அசைந்ததைக் கினுயோ கண்டாள். வீட்டுக்கு வந்து, "அவன் குரல் பத்தலை" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்தில் அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆனால் டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கதவையும் மூடிக்கொண்டு, காலி இருக்கைகளைப் பார்த்து அவர் கத்திப் பழகுகிறார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது வயது அறுபத்தொன்று. முழங்கால் இப்போதே படியேறும்போது முனகுகிறது. அடுத்த சுற்றில் அந்த இரும்பையும் தோலையும் அவர் தூக்கி நடப்பார் என்று சொன்னால் அவரே நம்ப மாட்டார்.

ஆகவே வாய் சொன்ன 'சாயங்காலம்' என்பதற்கு மனம் காரணம் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு நாள். ஒரு அரை நாள். அந்த மனுஷன் தான் ஆசைப்பட்டதைச் செய்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு அழுவதற்கு ஆயுசு மொத்தமும் கிடக்கிறது. பாவம் வந்தால் எனக்கு வரட்டும். கினுயோ சோற்று உருண்டைகளை மூங்கில் பெட்டியில் அடுக்கினாள். சால்மன் வைத்த இரண்டையும்கூட எடுத்து வைத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆற்றங்கரை மண்டபத்தில் ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. நடுவில் தோஷிஹாரு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஆளுக்கொரு பக்கம் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முரசு அடிக்கிற ஒகுடா அவளைப் பார்த்ததும் குரல் கொடுத்தான்.

"வாங்கக்கா, வாங்க. உங்க வீட்டுச் சாமுராயைக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க. இவ்வளவையும் கட்டி முடிச்ச பொறவு ஒண்ணுக்குப் போகணுங்கறாரு."

"போகணும்னு சொல்லலடா. போகணும்னா என்ன பண்றதுன்னு கேட்டேன்" என்றார் தோஷிஹாரு.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே. அந்தக் காலத்து ஆளுங்கெல்லாம் அதுக்குள்ளயே போயிட்டுப் போரும் பண்ணாங்க. நீங்க ரோட்டுல நடக்கப் போறீங்க, அதுக்கே இந்தப் பாடா!"

எல்லோரும் சிரித்தார்கள். கினுயோவும் சிரித்தாள். முகத்துக்கு இந்த வித்தை தெரியும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைக்கவசத்தின் கயிற்றை மட்டும் வீட்டுக்காரிதான் கட்ட வேண்டும். போருக்குப் போகிறவனின் முகத்தைக் கடைசியாகத் தொடுகிற கை அவளுடையதாக இருக்க வேண்டுமாம். அவள் கட்டி முடிக்கும்வரை மற்ற ஆண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவு பேர் இருக்கிற கூடத்தில் இரண்டு பேருக்கு மட்டுமாக ஒரு தனிமை கிடைத்துவிடும். கினுயோ சிவப்புப் பட்டுக் கயிற்றை அவர் தாடைக்குக் கீழே கொண்டுவந்தாள். அவர் காலையில் சவரம் செய்த இடத்தில் சின்னக் கீறல் இருந்தது. விரல் அதில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"அவன் எந்த பஸ்ல வர்றான்?" என்றார், குரலை இறக்கி.

கயிறு அவள் கையில் நின்றுவிட்டது. "யாரு?"

"நம்ம வீட்டுக் கதவு காகிதம், கினுயோ. நீ ரகசியம் பேசினா பக்கத்து வீட்டு நாய்க்கும் கேக்கும்." அவர் அவளைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாத. அப்பறம் வராமப் போயிடுவான். ஒண்ணு மட்டும் பண்ணு. இதை மாட்டிட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணும் தெரியலை, நேர மட்டும்தான் தெரியுது. ஊறுகாய்க் கடை முக்குல ரோடு வளையுதில்ல, அங்க இடது பக்கமா நிக்கச் சொல்லு. நான் வளையறப்ப தானா கண்ணுல படுவான். நான் தேடிப் பாத்த மாதிரி இருக்காது."

அவள் கயிற்றின் இரண்டு முனைகளையும் சமமாக இழுத்தாள்.

"அவனுக்கும் சேத்துத்தான சோறு பிடிச்ச?"

"பிடிச்சேன்."

"சால்மன் வச்சா?"

"ஆமாங்க."

"ம். அது அவனுக்கு இஷ்டம்."

இப்போது சொல்லிவிடு என்று அவளுக்குள் ஒன்று கத்தியது. ஒரே வார்த்தை. இந்த மனுஷன் பிள்ளையை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறான். வேஷத்துக்காக இல்லை, அந்தப் பிள்ளை பார்க்கப் போகிறான் என்பதற்காக இப்படி முதுகு நிமிர்ந்து நிற்கிறான். இவனை இந்த நிலையில் வீதி வீதியாக நடக்க விடுவது என்ன நியாயம்? வாயைத் திறந்தாள். சுற்றிலும் முதுகுகள். முதுகு காட்டி நின்ற ஒகுடா மெல்ல முரசின் தாளத்தைத் தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கயிற்றை இழுத்து முடிந்தாள். அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதற்கும்மேல் ஒன்று.

"இறுக்குது" என்றார்.

"அவுந்துடக் கூடாதுல்ல" என்றாள்.

வீதியில் வெயில் நன்றாக இருந்தது. மேலே மலையில் மேப்பிள் மரங்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. ஊறுகாய்க் கடை முக்கில், அவர் சொன்ன இடதுபக்கமே கினுயோ நின்றாள். கூட்டம் நெருக்கியடித்தது. கூட்டுறவுக் கடையில் அவளோடு கல்லாவில் வேலை பார்க்கிற சச்சியே வந்து இடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, நடுவுல ஒரு ஆள் நிக்கிற இடத்தை விட்டுட்டு நிக்கிற? தள்ளு, நான் வந்துக்கறேன்."

அப்போதுதான் கினுயோ பார்த்தாள். தன் இடப்பக்கத்தில் ஓர் ஆளுக்கான இடத்தை அவள் விட்டுத்தான் இருந்தாள். அதில் யாரும் வராதபடி மூங்கில் பெட்டியைப் பிடித்த கையை நீட்டியும் வைத்திருந்தாள்.

"ஆள் வருது" என்றாள்.

"யாரு?"

"வருதுடீ."

சச்சியே முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கமாய்ப் போய் நின்றாள். பல்லக்கு வந்தது. வெள்ளுடையில் பூசாரிகள் வந்தார்கள். ஈட்டிக்காரர்கள், கொடிக்காரர்கள், கன்னத்தில் வெள்ளை பூசிய சின்னப் பெண்கள். பல்லக்கு தாண்டியதும் கூட்டம் கலைந்து அதன் பின்னால் நகரத் தொடங்கியது. வீதி மெல்லக் காலியானது. அப்புறம் தொலைவில் அந்தச் சத்தம் கேட்டது, கவசத்தின் தட்டுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். தோஷிஹாரு தனியாக வந்தார். பஸ் ஓட்டுகிற மனுஷன், சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிற மனுஷன், அப்படி ஒரு நடை நடந்து வருவார் என்று அவளுடைய கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது, அதுதான் கொடுமை.

முக்கில் அவர் வளைந்தார். தலைக்கவசத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் முதலில் அவளைப் பார்த்தன. பிறகு அவள் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தன. ஒரு அடி தாமதமாக வைத்தார், அவ்வளவுதான்; அவளைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு முகத்தைக் கொஞ்சமாகத் தாழ்த்தி, சரி, பரவாயில்லை என்பது போல ஒரு தலையசைப்பு. பஸ் தாமதம் என்று நினைத்துக்கொண்டார் போல. பஸ்காரருக்கு பஸ் தாமதமாவது புரியாதா? அல்லது, வர மனசில்லாமல் போயிற்று என்று நினைத்தாரோ. அப்படியானால் கடைசிவரைக்கும் அந்தப் பிள்ளை தன்னை மன்னிக்கவில்லை என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டு நடக்கிறார். கினுயோவுக்கு இதுவரை இது தோன்றவே இல்லை. இந்த ஒன்றை அவள் யோசிக்கவே இல்லை. அவன் வரத்தாங்க இருந்தான் என்று அவர் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அப்படிச் சொன்னால் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும்.

"வாக்கா, கடைக்காவல் வர்றதுக்குள்ள நாம உள்ள போயிடணும்" என்று சச்சியே அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஓரமாக ஓடி, அவரை முந்திக்கொண்டு கோயிலடிக்கு வந்தார்கள்.

கதவு இல்லாத வாசல் அது. இரண்டு கல் தூண், மேலே இரண்டு கல் உத்தரம். காவலுக்கு ஆளில்லை, கேள்வி கேட்பாரில்லை. ஊர் முழுக்க அதற்குள் போய்க்கொண்டிருந்தது. போகும்போது ஒவ்வொருவரும் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார்கள். சச்சியேயும் தாழ்த்திவிட்டு உள்ளே கால் வைத்தாள். கினுயோவின் கால் நின்றுவிட்டது.

காலையிலிருந்து அவள் போட்டு வைத்திருந்த கணக்குப்படி, இந்த நேரத்தில் அவள் கூட்டத்திலிருந்து நழுவி ஊறுகாய்க் கடைக்குப் பின்னால் மறைந்து நின்றிருக்க வேண்டும். அல்லது போனால் போகிறதென்று உள்ளே நுழைந்துவிட வேண்டும். ஒரு அடிதானே. சாமிக்குச் சொல்லிவிட்டால் போகிறது. அவரும் வீட்டை இழந்து வந்தவர்தானே, அவருக்குத் தெரியாதா? ஆனால் காலைத் தூக்கியபோது அவளுக்கு வேறொன்று புரிந்தது. விடியற்காலையில் அந்தப் பிள்ளை போய்விட்டான். இந்த நேரம்வரை அவனுக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பா திருவிழாவில் நடக்கிறார், அம்மா சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறாள். அவனுடைய சாவு சமையலறை மூலையில் ஒட்டிய ஒரு தாளில் மட்டும்தான் இருக்கிறது. இவளும் உள்ளே போய்விட்டால் அவன் சாகவேயில்லை என்று ஆகிவிடும். செத்தும் தீட்டுக் காக்க ஆளில்லாத அநாதையாகிவிடுவான். பெற்றவள் இந்த ஒன்றையாவது அவனுக்குச் செய்ய வேண்டாமா? வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அது மட்டும்தான் அவளிடம் அவனுக்காக மிச்சம் இருந்தது.

"அக்கா! என்ன அங்கயே நிக்கிற?" உள்ளேயிருந்து சச்சியே சிரித்துக்கொண்டு கூப்பிட்டாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. கினுயோவின் காலைப் பார்த்தாள், கல் தூணைப் பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போயிற்று. அந்த ஊரில் திருவிழா அன்று கல் வாசலுக்கு வெளியே ஒரு பெண் தனியாக நின்றால் அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவையில்லை.

கவசத்தின் சத்தம் நெருங்கி வந்தது. ஒதுங்கவும் நேரமில்லை. கினுயோ தேவதாரு மரத்தடியில் ஒட்டி நின்றுகொண்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற அதே இடம். தோஷிஹாரு நேர் பார்வையோடு அவளைக் கடந்து போனார். இரண்டு பக்கமும் தெரியாது என்று அவர்தான் சொல்லியிருந்தாரே. வாசலின் முன் நின்று தலை தாழ்த்தினார். தலைக்கவசத்தின் கொம்பு வெயிலில் மின்னியது. உள்ளே வலது காலை வைத்தார். இடது காலை வைத்தார். உள்ளே ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. படிக்கட்டின் உச்சியில் ஒகுடா முரசுக் கோலை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிவிட்டான்.

தோஷிஹாரு திரும்பினார்.

வந்த வழியைப் பார்த்தார். வளைகிற சாலை, ஊறுகாய்க் கடை, ஆற்றுப் பாலம், எல்லாம் காலியாகக் கிடந்தன. நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை உள்ளே இழுத்து, வாயைத் திறந்தார். அப்போது கண் மரத்தடிக்கு வந்தது.

அவள் ஒன்றும் செய்யவில்லை. கையை ஆட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. மூங்கில் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தார், தனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த இரண்டு கல் தூண்களைப் பார்த்தார். தன் அப்பா இறந்த வருஷம் இதே இடத்தில் நின்றவர்தான் அவர். அவருடைய அம்மா அதற்கும் முன்பே போனவள். அந்த வீட்டில் இனிச் சாவதற்கு வேறு யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. குரல் வரவில்லை. உள்ளே யாரோ, மறந்துவிட்டாரென்று நினைத்து, மெதுவாக எடுத்துக்கொடுத்தார்கள்: "பின்னால்..." இன்னொருவர் உஷ் என்றார். தோஷிஹாரு அந்தப் பக்கம் திரும்பவில்லை. வைத்த காலை எடுத்தார். கடைக்காவல் உள்ளே போய் வாசலைத் தாண்டி வெளியே வந்ததை அந்த ஊரில் ஒருவரும் கண்டதில்லை. வைக்கோல் செருப்பு தேய, சரிவில் இறங்கி, நேராக வந்தார். வந்து, அவளுடைய இடப்பக்கத்தில், அவள் தன்னையறியாமல் மறுபடியும் விட்டிருந்த அந்த ஓர் ஆள் இடத்தில் நின்றார்.

"எப்ப?" என்றார்.

"விடியறப்ப."

"எனக்கு இதைக் கட்டறப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

அவர் அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் எதிரே இருந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை நடுங்கியதில் கவசத்தின் தட்டுகள் சன்னமாகச் சத்தமிட்டன.

"வரத்தாங்க இருந்தான்" என்றாள். "உங்களைப் பாக்கத்தான்."

அவர் கைகளைத் தூக்கித் தாடைக்குக் கீழே கயிற்றைத் தேடினார். கவசக் கையுறைக்குள் விரல் மடங்கவில்லை.

"இதைக் கழட்டு கினுயோ. மூச்சு முட்டுது."

அவள் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள். முடிச்சைப் பிடித்தாள். ஒன்றின்மேல் ஒன்றாகக் காலையில் அவளே போட்ட முடிச்சுகள். நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பட்டுக் கயிறு நனைய நனைய இறுகும் என்பது அவள் அறியாததல்ல. அவர் முகத்திலிருந்து வழிந்துகொண்டிருந்தது நிற்கவில்லை, அவளுக்கும் இப்போது கண் தெரியவில்லை. உள்ளே, படிக்கட்டின் உச்சியில், ஒகுடா இன்னும் முரசுக் கோலைத் தலைக்குமேல் பிடித்தபடி நின்றான். பல்லக்கின் திரை இறங்கியே இருந்தது. கினுயோ குனிந்து, முடிச்சைப் பல்லால் பிடித்து இழுத்தாள்.